வயலின் தழும்பு

நாற்பத்தாறு வயதில்தான் நான் வயலினைக் கையில் எடுத்தேன். அதற்கு முன் முப்பது வருடம் கிட்டார். மட்டக்களப்பில் மேடை ஏறிய பாட்டுக் குழுக்களில் பெரும்பாலானவற்றில் வாசித்திருக்கிறேன். கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், பாடசாலை விழா, கல்குடாவில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஹோட்டல்களில் சனிக்கிழமை ஆட்டம் என்று வாரம் முழுவதும் எங்காவது கூப்பிடுவார்கள். சண்டை வந்ததும் ஹோட்டல்கள் மூடின. பிறகு இரவுக் கச்சேரிகள் நின்றன. இந்திய இராணுவம் வந்து போய், மறுபடியும் சண்டை மூண்ட காலத்தில், பொழுது சாய்ந்தால் தெருவில் நாயைக்கூடக் காண முடியாது. கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட்டு நகரத்தில் சின்னதாக ஒரு ரேடியோ திருத்தும் கடை வைத்தேன். எல்லாரும் செய்தி கேட்டே ஆக வேண்டியிருந்ததால் பிழைப்பு நடந்தது.

என் நண்பன் ஒருவன், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியன், வாவிக்கரையில் கொல்லுப் பட்டறை வைத்திருந்தான். பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலின் வாசிப்பவன் அவன். மணமக்கள் தேவாலயத்திலிருந்து வீடு வந்ததும் கப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கும். அதற்கு வயலின்தான் முன்னே போகும்; கிட்டார் பின்னே போகும். இருபது வருடத்துக்கு மேலாக அவன் முன்னேயும் நான் பின்னேயும் போய்க்கொண்டிருந்தோம். அவன் வில்லைத் தூக்கும் விதத்திலேயே அடுத்து எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயற்காரர்கள் யானைக்கும் பன்றிக்கும் வைத்திருந்த வெடித் துவக்குகளைத் திருத்திக் கொடுப்பதும் அவன் தொழிலில் ஒரு பகுதி. அவனுடைய தகப்பனும் அதைச் செய்தவர். சமாதான காலத்தில் அது ஒரு தொழில். சண்டைக் காலத்தில் அது ஒரு குற்றம். ஒரு நாள் விடியற்காலையில் இராணுவத்தினர் வந்து அவனை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சில வாரங்களுக்குப் பிறகு, பஸ் நிலையத்திலிருந்து தானே நடந்து வீட்டுக்கு வந்தான். இடது கையின் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

அவனுடைய ஒரே மகளுக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம் அது. ஒரு நாள் கடைக்கு வந்து, கழற்றி வைத்திருந்த ரேடியோக்களுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்தான்.

"மகள்ட கலியாணத்துக்கு நீ வயலின் வாசிக்கணும்," என்றான்.

"எனக்கு வயலின் தெரியாது மச்சான். வேற ஆளப் பாப்பம்."

"வேற ஆர் இரிக்கிறான்? ஒருத்தன் ஒஸ்ரேலியா போயிட்டான். மற்றவன் செத்துட்டான்."

"கசெட் ஒண்டு போடலாமே. உண்ட வாசிப்பு என்னட்ட இரிக்கி."

அவன் முகம் சிவந்தது. "கசெட்டுக்கு ஆடுறதுக்கு எண்ட புள்ள என்ன, கல்குடாவுக்கு வந்த வெள்ளைக்காரியா?" என்றவன், முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுச் சொன்னான்: "பாட்டெல்லாம் உனக்குத் தெரியும். உண்ட கைக்குத்தான் தெரியாது. கைக்குப் படிப்பிப்பம்."

மறுக்க முடியவில்லை. கலியாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

வயலினை என் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நான் வாவிக்கு அந்தப் பக்கம், கல்லடியில் இருந்தேன். நடுவில் இருந்த பாலத்தில் சோதனைச் சாவடி. அந்த நீளப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனால், அதைத் திறந்து காட்டுவதற்கு முன்னமே சுட்டுவிடக்கூடும். ஆகவே கடையைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு நாளும் மாலையில் அவன் வீட்டுக்குப் போவேன். ஊரடங்குக்கு முன் பாலத்தைக் கடந்துவிட வேண்டும். வீட்டில் அகப்பைக் காம்பை வில்லாகப் பிடித்துப் பழகினேன். மனைவி வேறு அகப்பை எடுத்துக்கொள்வாள்.

முப்பது வருடப் பழக்கம் கைகொடுக்கும் என்றுதான் நினைத்தேன். அதுதான் காலை வாரிவிட்டது. கிட்டாரில் விரலை எங்கே வைப்பது என்று காட்டக் குறுக்கே கட்டைகள் உண்டு. கொஞ்சம் முன்பின் வைத்தாலும் சுரம் சரியாக வரும். வயலினின் கழுத்து மொட்டை. ஒரு மயிரிழை விலகினாலும் பாட்டுக் கெட்டுவிடும். கிட்டார்க் கம்பியில் அழுத்தி அழுத்தி என் விரல் நுனிகள் செருப்புத் தோல் மாதிரிக் காய்த்திருந்தன. கம்பி எங்கே இருக்கிறது என்பதையே அவை உணரவில்லை. வலது கை அதைவிட மோசம். கிட்டாரைத் தட்டிப் பழகிய கைக்கு வில்லை இழுக்கத் தெரியவில்லை. அது நடுங்கியது. வந்த சத்தத்தைக் கேட்டு அவன் மனைவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

எட்டிப் பார்த்தது அவள் மட்டுமல்ல. அவர்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முடிவில் மண்மூட்டை அடுக்கிய ஒரு காவலரண் இருந்தது. முதல் நாளே அங்கிருந்து ஒரு சிப்பாய் துவக்கோடு வந்து வாசலில் நின்றான். சின்ன வயது. "யார் அழுவது?" என்று சிங்களத்தில் கேட்டான்.

நண்பன் எழுந்து நின்றான். அவன் கழுத்து நரம்பு துடிப்பதை நான் பார்த்தேன். "ஒருவரும் அழவில்லை. இவர் வயலின் பழகுகிறார். மகளின் கலியாணத்துக்கு," என்று சிங்களத்திலேயே சொன்னான்.

சிப்பாய் என்னையும் வயலினையும் மாறி மாறிப் பார்த்தான். "இரவில் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு நான் பிழையாக இழுக்கும்போதெல்லாம் காவலரணில் இருந்து ஒரு சீழ்க்கை கேட்கும். கேலியா எச்சரிக்கையா என்று எங்களால் நிச்சயிக்க முடியவில்லை. ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் நண்பன் பேச்சை நிறுத்திவிடுவான். அது கடந்து போகும்வரை விறைத்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். நானும் வில்லை அந்தரத்தில் வைத்தபடி இருப்பேன். சப்பாத்து போனதும், "மறுகாவும் முதல்ல இருந்து," என்பான்.

படிப்பிக்கும்போது அவன் இன்னொரு மனிதன். இருபது வருடத்தில் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவன், என்னைக் கழுதை என்றான், கல் என்றான். "கேக்குதா உனக்கு? கேக்குதா? காது இரிக்கிதா இல்லியா?" என்று மேசையில் அடித்தான். ஒரு நாள், நான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிழைவிட்டதைப் பொறுக்க முடியாமல், எட்டி என் விரலைத் தன் விரலால் கம்பியில் அழுத்தப் பார்த்தான். அவன் விரல் மடங்கவில்லை. என் விரலின் மேல் ஒரு குச்சியைப் போலக் கிடந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு எழுந்து பட்டறைக்குள் போனான். சம்மட்டிச் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

அன்று சைக்கிளில் திரும்பும்போது, இனிப் போவதில்லை என்றுதான் நினைத்தேன். மறுநாள் போனேன். அவன் வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக் கொடுத்தான்.

கச்சான் காற்று வீசிய மாதங்கள் அவை. வறண்ட காற்றில் முறுக்காணிகள் வழுக்கி, கம்பிகள் தாமாகவே இளகும். வாசிப்பதற்கு முன் சுருதி கூட்டுவதற்கே நேரம் போய்விடும். அந்தப் பழைய வயலினில் தாடையை வைக்கும் கட்டை உடைந்து போயிருந்தது. பெட்டியின் விளிம்பு நேராகவே என் இடது தாடைக்குக் கீழே குத்தும். வேர்வையும் உராய்வும் சேர்ந்து அந்த இடம் முதலில் சிவந்தது, பிறகு தோல் உரிந்தது, பிறகு ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குக் கறுத்துத் தடித்துவிட்டது. காறை எலும்பிலும் ஒரு தழும்பு.

"இதோட பாலத்தால போகாதீங்க," என்றாள் மனைவி. "என்னண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"உள்ளதைச் சொல்லுவன்."

"உள்ளதைச் சொன்னவங்களெல்லாம் வீட்ட வந்துட்டாங்களா?"

அன்றிலிருந்து சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போனேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் மாலையே நான் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் பாலத்தில் மறித்துவிட்டால் வர முடியாதே என்ற பயம். தேவாலயத்தில் காலைப் பூசையோடு தாலி. மதியம் சாப்பாடு. அதன்பின் ஆட்டம். ஊரடங்குக்கு முன் எல்லாரும் வீடு சேர வேண்டும்.

விடியும் நேரம் பெரிய சத்தத்தோடு யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பக்கத்து வீதியில் கண்ணிவெடி. கொஞ்ச நேரம் எல்லா நாய்களும் குரைத்தன. பிறகு ஒலிபெருக்கி. ஆண்கள் எல்லாரும் அடையாள அட்டையோடு பாடசாலை மைதானத்துக்கு வரவேண்டும்.

மகள் கலியாண உடுப்புக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. "அப்பா, போகாதீங்க," என்றாள். போகாமல் இருக்க முடியாதென்று அவளுக்கும் தெரியும். நண்பன் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்தான். "கழட்டினா மறுகா போட நேரம் வராது," என்றான்.

மைதானத்தில் எங்களைக் குந்த வைத்தார்கள். வெயில் ஏறியது. முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன், ஆள் காட்டிக்கொடுப்பவன், ஜீப்புக்குள் இருந்தான். ஒவ்வொருவராக அவன் முன்னால் போக வேண்டும். தலையாட்டினால் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மறு பக்கம். சாக்கில் இரண்டு ஓட்டை. அந்தக் கண்கள் என்மேல் கொஞ்சம் அதிகமாகவே நின்றதாகத் தோன்றியது. தலை ஆடவில்லை. எனக்கு மூச்சு வந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நண்பன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மிஞ்சியவர்களைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஓர் அதிகாரி முழங்கை, முழங்கால், தோள் என்று பார்த்துக்கொண்டு வந்தான். பயிற்சி எடுத்தவர்களுக்கு அங்கெல்லாம் அடையாளம் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. என்னிடம் வந்து நின்றான். தாடையின் கீழே விரலை வைத்தான். பிறகு காறை எலும்பில்.

"இது என்ன?"

ஹோட்டல்களில் வாசித்த காலத்தில் சிங்களம் பழகியிருந்தேன். "வயலின், ஐயா," என்றேன்.

"துவக்குப் பிடித்த தழும்பு."

"துவக்கை வலது தோளில் அல்லவா வைப்பார்கள். இது இடது," என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்தப் பதிலின் முட்டாள்தனம் எனக்கு விளங்கிவிட்டது.

"அதெல்லாம் உனக்குத் தெரியுமா?" என்றான். என் இடது கையைப் பிடித்துத் திருப்பினான். விரல் நுனிகளைத் தடவினான். "இது?"

"அது கிட்டார். முப்பது வருடம் வாசித்தேன்."

"கிட்டாரா, வயலினா? ஒன்றைச் சொல்லு."

"முதலில் கிட்டார். இப்போது வயலின்."

"இப்போது என்றால்?"

"மூன்று மாதமாக."

அவன் என் அடையாள அட்டையைப் பார்த்தான். "நாற்பத்தாறு வயதில், இந்த ஊரில், இந்த நேரத்தில், நீ வயலின் பழகுகிறாய்," என்றான். கேள்வியாகக்கூட அவன் அதைக் கேட்கவில்லை. நான் சொன்னது முழுவதும் உண்மை. அவன் வாயில் அதைக் கேட்டபோது எனக்கே அது பொய்யாகப் பட்டது.

சுவரோரமாக நாலைந்து பேர் ஏற்கெனவே இருந்தார்கள். என்னையும் அங்கே உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவன் ஒரு மீன்காரன். காவுதடியில் மீன்கூடை தூக்கிக்கொண்டு ஒழுங்கைகளில் விற்பவன். நானே அவனிடம் மீன் வாங்கியிருக்கிறேன். அவன் வலது தோளில் தடி அழுத்திய காய்ப்பு.

"அண்ண, நம்மள விடுவாங்களா?" என்று உதடு அசையாமல் கேட்டான்.

"விடுவாங்க."

"நான் சொல்லித்தான் பாத்தன். தடியக் கொண்டா எண்டுறாங்க. தடி வீட்டதானே இரிக்கி."

ஒரு லொறி வந்து வாசலில் நின்றது. பின் கதவை இறக்கினார்கள். கலியாணம் நடக்குமா, மனைவிக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று எதை எதையோ நினைத்தேன்.

அப்போது மைதானத்தின் மறு வாசலில் கூச்சல். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வெட்ட வெளியில் நடந்து வந்தான். கைகளில் வயலின். என் தழும்பைப் பிடித்துக்கொண்டார்கள் என்று, முன்னே விடுபட்ட யாரோ நண்பனிடம் சொல்லியிருக்க வேண்டும். பெட்டி இல்லை, மூடிக் கொண்டு வந்தால் சுடுவார்கள் என்று வெறுமனே கொண்டு வந்திருந்தான். நில் என்று கத்தினார்கள். நின்றான். வா என்றார்கள். வந்தான். தன்னைக் கூட்டிக்கொண்டு போனவர்களின் அதே உடுப்புப் போட்டவர்களிடம், தானாகவே வந்தான்.

அதிகாரி முன்னால் போய் நின்று வயலினை நிலத்தில் வைத்தான். என்னைக் காட்டினான். "அவன் என் மகளின் கலியாணத்துக்கு வாசிக்க வந்தவன். அவன் கழுத்தில் இருக்கும் தழும்பை உண்டாக்கியது இது," என்றான். பிறகு கோட்டின் கழுத்தைத் தளர்த்தி, தலையை வலப்பக்கம் சாய்த்து, தன் தாடைக்குக் கீழே காட்டினான். பல வருடங்களாகக் காய்த்துக் காய்த்துக் கறுத்த ஒரு தழும்பு. இருபது வருடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். அதை நான் கவனித்ததே இல்லை.

அதிகாரி என்னை எழுப்பி அவன் பக்கத்தில் நிறுத்தினான். இருவர் கழுத்தையும் பார்த்தான். பிறகு நண்பனின் கையைப் பார்த்தான்.

"கைக்கு என்ன?"

"பட்டறையில் அடிபட்டது," என்றான் நண்பன்.

அதிகாரி ஒழுங்கைக் காவலரணில் இருந்த சிப்பாயைக் கூப்பிடச் சொன்னான். முதல் நாள் வாசலில் வந்து நின்ற அதே சின்னப் பையன் ஓடி வந்து சலியூட் அடித்தான். என்னைத் தெரியுமா என்று கேட்டதற்கு, "தெரியும் சார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் சத்தம் போடுகிற ஆள். மூன்று மாதமாகக் கேட்கிறேன், இன்னும் சரியாக வரவில்லை," என்றான். பக்கத்தில் நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அட்டையை என் கையில் எறிந்து, "போ," என்றான்.

நான் மீன்காரனைக் காட்டி, "ஐயா, இவன் மீன்காரன். காவுதடி தூக்குகிறவன். நான் இவனிடம் மீன் வாங்கியிருக்கிறேன்," என்றேன். "உன்னைப் போகச் சொன்னேன்," என்றான் அதிகாரி. மறுபடியும் சொல்ல வாயெடுத்தேன். ஒரு சிப்பாய் துவக்குப் பிடியால் என் முதுகில் தள்ளினான். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவன் லொறியில் ஏறிக்கொண்டிருந்தான்.

பூசை மத்தியானம் நடந்தது. பாதி விருந்தினர் வரவில்லை. வந்தவர்கள் தேவாலயத்தில் வாசலுக்குக் கிட்டவே இருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி, நண்பன் கதிரைகளை ஒதுக்கச் சொன்னான்.

நான் வில்லைத் தூக்கினேன். முதல் பாட்டில் இரண்டு இடத்தில் சறுக்கினேன். நண்பன் என் எதிரில் நின்று வாயால் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே காலால் தாளம் போட்டான். மணமக்கள் கைகோத்து நடுவே வந்தார்கள். எதிரே இன்னொரு சோடி. சுற்றி வந்தார்கள், குனிந்தார்கள், இடம் மாறினார்கள். மணமகளின் முகம் அழுது வீங்கியிருந்தது. இரண்டாவது பாட்டில் அவள் கால் வேகம் பிடித்தது. நான் அந்தக் கால்களைப் பார்த்து வாசித்தேன். சரியாக வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆட்டம் நிற்கவில்லை. என் கண்ணுக்குள் அந்த லொறியின் பின்கதவு நின்றது. கை தன்பாட்டுக்கு வாசித்தது.

வெயில் தாழ்வதற்குள் எல்லாரும் கலைந்தார்கள்.

அடுத்த வாரம் மீன்காரனின் மனைவி என் கடைக்கு வந்தாள். "கடைசியா நீங்கதான் அவரோட கதைச்சீங்களாம்," என்றாள். நான் கண்டதையெல்லாம் சொன்னேன். அவளோடு முகாம் வாசலுக்குப் போய் அங்கேயும் சொன்னேன். அப்படி ஒருவரையும் தாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள். வேறு இடங்களுக்கும் போனோம். எங்கேயும் ஒரே பதில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்குடாவில் தாய் வீட்டுக்குப் போகும்வரை அவள் வந்துகொண்டிருந்தாள். அவன் திரும்பி வரவில்லை.

கலியாணம் முடிந்தும் நான் நண்பன் வீட்டுக்குப் போவதை விடவில்லை. முதல் நாள் போனபோது, "இனி என்னத்துக்கு வந்த?" என்று கேட்டான்.

"மூண்டு பாட்டுத்தானே தெரியும். மிச்சத்தைப் படிப்பி."

அவன் வயலினை எடுத்துக்கொண்டு வந்தான். என்னிடம் தராமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தான். முகாமிலிருந்து வந்த பிறகு அவன் அதை வாசிக்கிற மாதிரித் தொட்டதில்லை. பிறகு என் தோளில் தானே வைத்துவிட்டு, வில்லை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, என் வலப்பக்கமாகக் கதிரையை நெருக்கிப் போட்டான்.

"விரல் உண்ட. வில்லு எண்ட," என்றான்.

அவன் வலது கைக்கு ஒன்றும் நேரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் இழுத்தான். என் காதடியில் அவனுடைய பழைய ஒலி, முழுசாக, தடங்கலில்லாமல் எழும்பியது. நான் பதறிப்போய் அடுத்த விரலை அவசரமாக வைத்தேன்.

"அந்தரப்படாத," என்றான். "நான் வில்லத் திருப்புற வரைக்கும் விரல எடுக்காத."